பிய்த்து ஒட்டிய கூட்டுப்புழு

மாணவர்கள் வீட்டில் செய்துகொண்டுவந்த அட்டைகளில் பட்டாம்பூச்சியின் நான்கு பருவங்களும் இருந்தன. பாசிமணியில் முட்டை, பஞ்சில் புழு, காகிதச் சுருளில் கூட்டுப்புழு, வண்ணத்தாளில் பட்டாம்பூச்சி. எல்லாமே கடையில் வாங்கியதுபோல் கச்சிதம். ஏழு வயதுக் கை இவ்வளவு நேராக வெட்டாது என்று டீச்சருக்கா தெரியாது?

ஒன்றில் மட்டும் பசை வழிந்து, கூட்டுப்புழு பிய்ந்து இடம் மாறியிருந்தது.

“இதுதான் குழந்தை செஞ்சது. முதல் பரிசு!”

அட்டைக்குச் சொந்தக்காரி எழுந்தாள். “இதுவும் அப்பா செஞ்சதுதான் டீச்சர்.”

டீச்சரின் முகம் தொங்கிப்போனது.

“முட்டைக்குப் பக்கத்துலயே கூட்டுப்புழுவ ஒட்டிட்டாரு. நடுவுல புழு எங்கேன்னு கேட்டா முழிக்கிறாரு! ரெண்டு தடவ பிய்க்க வெச்சேன். இப்போ தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் டாண்ணு சொல்லுவாரு.”

டீச்சர் சான்றிதழை எடுத்தார். ‘சிறந்த மாணவி’யில் ‘மாணவி’யைக் கோடிட்டு அடித்துவிட்டு, ‘ஆசிரியை’ என்று எழுதி நீட்டினார்.