போகாதே, நியூட்ரான்!

"நீ போயிட்டா இந்த மன்றமே இல்லப்பா" என்று சொல்லும்போதே செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

நியூட்ரான் ஆடிப்போய்விட்டான். அவனுக்காக வெளியாள் யாரும் கண் கலங்கியதாகச் சரித்திரமே இல்லை. வகுப்பில் அவன் பிளஸ்ஸிலும் சேர்த்தி இல்லை, மைனஸிலும் சேர்த்தி இல்லை. அதனால்தான் அந்தப் பட்டப்பெயரே ஒட்டிக்கொண்டது.

இருவரும் இரண்டாம் ஆண்டு இயற்பியல். மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டதால் ஆய்வகத்தில் யாரோ விட்டுப்போன ஊசல் மட்டும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அவள் கல்லூரி இயற்பியல் மன்றத்தின் செயலாளர். மன்றம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்துக்குப் பாதிப் பேர் பிஸ்கட்டுக்காக வருவார்கள், மீதிப் பேர் வருகைப்பதிவுக்காக வருவார்கள். இரண்டும் முடிந்த பிறகு, பிரபஞ்சத்தின் தோற்றம் பற்றிப் பேச வந்தவர் காலி நாற்காலிகளுக்குத்தான் விளக்கம் சொல்வார்.

"நான் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறக் கேட்டது உனக்கு எப்படித் தெரியும்? வீட்டைத் தவிர யார்கிட்டயும் சொல்லலையே" என்றான் நியூட்ரான்.

"ஆபீஸ் பக்கம் ஒரு வேலையாப் போயிருந்தேன், காதுல விழுந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதை விடு. ஏன் திடீர்னு இந்த முடிவு?"

காரணம் அவனுடைய மாமா. வீட்டுக்கு வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். "ஆப்பிள் ஏன் கீழ விழுதுன்னு ஒருத்தர் எப்பவோ கண்டுபிடிச்சுட்டார் மாப்ளே. நீ என்ன, மேல போற ஆப்பிளைக் கண்டுபிடிக்கப் போறியா?" என்றார். வீடே சிரித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் அவனைக் குத்தியது. மறுநாளே போய்த் துறை மாற்றம் கேட்டுவிட்டான்.

"உங்க மாமா கிடக்கிறார். இயற்பியல்ல இருக்கிற வாய்ப்பு வேற எதுல இருக்கு, சொல்லு. கோடை லீவுல ஆராய்ச்சிக்கூடத்துல பயிற்சி..."

"போன வருஷம் போன அண்ணன் லீவு முழுக்கக் கண்ணாடிக் குழாய்தான் கழுவினாராமே?"

"யாரோட லேப்ல கழுவினார்னு பாரு! விஞ்ஞானிங்க வந்து போற இடம்பா அது." அவள் மூச்சு விட இடம் கொடுக்கவில்லை. "அப்புறம் மாணவர் மாநாடு. ஊர் ஊராப் போகலாம், நாலு பேரைப் பார்க்கலாம்."

"நம்ம சீனியர் போஸ்டரை மாட்டிட்டு அது பக்கத்துலயே சாயங்காலம் வரைக்கும் நின்னார். வந்தது ஒரே ஒருத்தர். அவரும் பாத்ரூமுக்கு வழி கேட்டாராம்."

"வழி சொன்னாரா இல்லையா? அதுதான்பா சமூக சேவை!"

நியூட்ரானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு ஸ்கூலுக்கு அறிவியல் காட்டப் போனோமே, மறந்துட்டியா? நீ அந்த மின்சார உருண்டை மேல கைய வச்சதும் உன் முடியெல்லாம் நட்டுக்கிட்டு நின்னுச்சு. பிள்ளைங்க கத்தின கத்துல பக்கத்து வகுப்பு டீச்சரே பதறி ஓடி வந்தாங்க. அதை உன்னைத் தவிர யாரால செய்ய முடியும்?"

அது மட்டும் உண்மை. அன்றைக்கு ஒரு குட்டிப் பெண் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "அண்ணா, உள்ள இருக்கிற மின்சாரத்துக்கு வலிக்குமா?" என்று கேட்டாள். அவளுக்குப் புரியவைத்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. நடந்தேதான் வீட்டுக்கு வந்தான். கால் வலித்ததாக ஞாபகமே இல்லை.

"அப்ப... இங்கேயே இருந்துடட்டுமா?"

"இருந்துடட்டுமாவா? இருந்தே ஆகணும்! இப்பவே போய் மாற்றம் வேண்டாம்னு சொல்லிடு. வீட்டுக்குப் போனா மாமா மறுபடியும் மனசைக் கலைச்சுடுவார். எழுந்திரு, நானும் கூட வர்றேன்."

கூட வர்றேன் என்றதிலேயே அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அலுவலகத்தில் எழுத்தர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா தம்பி? இருக்கிறதே ஒரு இடம். கேட்டவங்கள்ல நீதான் மார்க்குல முதல் ஆளு, அதனால உனக்கு வந்துச்சு. விட்டா திரும்பக் கிடைக்காது."

நியூட்ரான் திரும்பிப் பார்த்தான். வாசலருகே செயலாளர் இரண்டு கைகளையும் கோத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். உதடுகள் எதையோ முணுமுணுத்தன. தனக்காக வேண்டிக்கொள்கிறாள் என்று தெரிந்ததும் அவன் நிமிர்ந்து நின்றான்.

"இயற்பியல்தான் சார் என் வாழ்க்கை" என்றான். அவன் குரல் ஓர் அறை முழுக்கக் கேட்டது அதுதான் முதல் தடவை.

எழுத்தர் உதட்டைப் பிதுக்கினார். "உன் இஷ்டம். அப்ப கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டு அடுத்த ஆளுக்குப் போகுது." கணினியைத் தட்டிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார். "அடுத்ததும் உங்க வகுப்புதான் போல. இரு, போன் போட்டு வரச் சொல்றேன்."

நியூட்ரானை மெல்ல ஒதுக்கிவிட்டு, செயலாளர் முன்னால் வந்தாள்.

"போன் எதுக்கு சார்? இங்கதான் இருக்கேன்."