மூங்கில் புதரில் ஒரு பெயர்

“தேவசகாயம்.”

மூங்கில் புதருக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

உச்சி வெயில். யானைத்தடத்தில் குனிந்து சாணத்தைக் கிளறிக்கொண்டிருந்த அவனுடைய கை அப்படியே நின்றது.

அந்தப் பெயரை யார் வாயிலும் கேட்டு இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. பவானி வெள்ளத்தில் போய்விட்ட ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பெயர் அது. ஊரில் கல்லறைகூட இருக்கிறது. கரை ஒதுங்கிய வேறு யாரையோ அதில் புதைத்திருக்கிறார்கள். யாரென்று அவன் விசாரிக்கவில்லை.

இங்கே அவன் மாசி. மலையிலேயே பிறந்தவன், யானைகளின் காவலன். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. தாடியும் தோளில் ஒரு கம்பளியும் இருந்தால் நம்புவதற்கா ஆளில்லை?

நாளை கோர்ட் அமைத்த கமிட்டி வருகிறது, இந்தத் தடத்தின் குறுக்கே சாலை போடலாமா என்று கேட்க. மலைக்காரன் மாசி வாய்திறந்து சொல்லப்போவதை நம்பித்தான் சாலைக்கு எதிரான வழக்கே நிற்கிறது. கீழ்நாட்டு வாத்தியார் என்று தெரிந்தால் எல்லாம் போச்சு.

“தேவசகாயம்.”

இப்போது பக்கத்தில்.

முன்னால் தடம் பார்த்துப் போன மருதி திரும்பி வந்தாள். அவள் மலைக்காரி. காட்டுக்குள் அவர்கள் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நாக்கைச் சொடுக்குவார்கள், அவ்வளவுதான்.

“பயப்படாத,” என்றாள் மெதுவாக. “நீ வந்த நாள்லருந்து அது கூப்புட்டுட்டுத்தான் இருக்குது. உனக்கு இன்னிக்குத்தான் கேக்குது. எங்களுக்கெல்லாம் உன்ற பேரு தெரியும். நாளைக்கு ஆரு கேட்டாலும் நீ எங்க ஆளுன்னுதான் சொல்லுவோம். அதுக்கு மட்டும் பதில் சொல்லிப்போடாத.”

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருடமும் தெரிந்தேதான் சோறு போட்டிருக்கிறார்கள்.

“தேவசகாயம்?”

இந்தத் தடவை குரலில் ஓர் இழுப்பு. காலையில் வகுப்பில் வருகைப் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசிக்கிற இழுப்பு. சின்ன வயதில் அவன் கேட்டது. பிறகு அவனே ஆயிரம் தடவை வாசித்தது.

“உள்ளேன் ஐயா.”

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

சில்வண்டுகளின் இரைச்சல் நின்றது.

மருதி இரண்டடி பின்னால் போனாள். இத்தனை வருடத்தில் அவள் அவனைக் கண்டு பயந்து அவன் பார்த்ததில்லை.

“உன்ற பேரச் சொல்லு,” என்றாள்.

அவன் வாயைத் திறந்தான். உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முயன்றான்.

“மாசி,” என்று அவனுடைய குரல் மூங்கில் புதருக்குள்ளிருந்து சொன்னது.