ஹிகாமுரா பள்ளி ஆடிய அரையிறுதி

“ஜப்பான்ல ரக்பி எப்படின்னா...” என்று கோச் பிரேம்குமார் மைக்கைப் பிடித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அது என் வரி. என் யூடியூப் சேனலில் வருசா வருசம் நான் ஆரம்பிக்கிற வரி.

ஜப்பானில் சீசன் முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்லூரி, கம்பெனி அணிகள், நாட்டு அணி என்று எல்லாவற்றையும் அலசித் தமிழில் ஒரு வீடியோ போடுவேன். பார்க்கிறது கொஞ்சம் பேர்தான். அதில் ஒருத்தன் இவன். பார்த்து, மனப்பாடம் பண்ணி, எங்கள் கிளப் ஆண்டுவிழாவில் தானே நேரில் கண்டுவந்த மாதிரி அளப்பான். ஒரு பயிற்சிக்காக ஜப்பான் போய்வந்தது என்னமோ உண்மை. அங்கே என்னத்தைப் பார்த்தானோ, இங்கே பேசுவது பூராவும் நான் தேடிப் படித்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ராஜபாளையம் பேண்டேஜ் மில் முதலாளி பொன்னுராஜ். பக்கத்தில் அவரிடம் துணி வாங்குகிற ஜப்பான்காரர் மொரிதா. வயசுக் காலத்தில் கம்பெனி அணியில் ஆடியவராம், முட்டி மோதியதில் காது ரெண்டும் நசுங்கிப்போயிருந்தது. மில் ஆபீஸ் பெலிக்ஸ் அவருக்கு ஜப்பான் மொழியில் சொல்லிக்கொண்டிருந்தான்.

பெண்பிள்ளைகளுக்குப் புது ரக்பி அகாடமி வருகிறது. பேச்சு முடிந்ததும் பிரேம்குமார்தான் தலைமைக் கோச் என்று முதலாளி அறிவிக்கப்போகிறார்.

அதைக் கெடுக்கத்தான் நான் வந்திருந்தேன். என் ஆட்டத்தை ஒரேயடியாக முடித்துவைத்தவன் கையில் இன்னும் பிள்ளைகளா? இவனிடம் ஆடுகிற கான்சாபுரத்து யுவராணி இப்போதே வீங்கின முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறாள்.

அம்மாவையும் வலுக்கட்டாயமாகக் கூட்டி வந்திருந்தேன். பாலம்மாள் என்றால் மில்லில் தெரியாதவர் கிடையாது.

“எம்புட்டு அழகாப் பேசுதாரு பாரு கோச் சாரு” என்றாள் அம்மா, வாசலில் கொடுத்த பால்கோவாவை வழித்துக்கொண்டே.

பேசுவான், பேசுவான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பள்ளிப் போட்டியில் ஆட்டம் சமனாக முடிந்தால் மறு ஆட்டம் கிடையாதாம், கேப்டன்கள் சீட்டு எடுத்துத்தான் யார் மேலே போவது என்று முடிவாம். நம்ம ஊரில் சாமி முன்னால் திருவுளச்சீட்டு போடுகிற மாதிரி என்றான். மண்டபம் சிரித்தது. அந்த நக்கலும் என்னுடையது. தின்னட்டும். உப்பைத் தின்றவன் தண்ணி குடிப்பான்.

கல்லூரி வந்தது, கம்பெனி லீக் வந்தது. கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஹிகாமுரா பெண்கள் பள்ளிக்கு வந்தான்.

அரையிறுதி. கேப்டன் சயோவுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டது. கையைத் தூக்க முடியலை சார் என்று அழுகிறாள். கோச் ஸ்ப்ரே அடித்து, டேப்பைச் சுற்றி, கப்பு முக்கியமா கை முக்கியமா என்று அதட்டி உள்ளே தள்ளிவிடுகிறான். அணி ஜெயித்தது. பெற்றவளிடம் போய், பாத்ரூமில் சோப்புத் தண்ணி வழுக்கி விழுந்துவிட்டாள், கவலைப்படாதீங்க, உங்க பிள்ளை என் பிள்ளை மாதிரி என்று சொல்லிவிட்டான். அந்தப் பிள்ளையால் இன்றைக்கும் தன் தலையைத் தானே சீவ முடியாது.

பிரேம்குமார் கண்ணைத் துடைத்தான். சண்டாளன், நிஜமாகவே அழுதான்.

பிறகு என் வீடியோவில் இல்லாத ஒன்றை, சொந்தச் சரக்காக எடுத்துவிட்டான்.

“அவனெல்லாம் ஒரு கோச்சா? பெத்தவ கையால செருப்படி வாங்கணும் அவன்!”

கைதட்டல் காதைப் பிளந்தது. பொன்னுராஜ் எழுந்து நின்றே தட்டினார்.

மொரிதா தட்டவில்லை. பெலிக்ஸிடம் ஏதோ கேட்டார். சார் பள்ளிப் போட்டியை வருசம் தவறாமல் பார்ப்பாராம், இப்படி ஒரு பள்ளியைக் கேள்விப்பட்டதே இல்லையாம், எந்த ஊர் என்று கேட்கிறார் என்றான் பெலிக்ஸ்.

மலையோரத்தில் சின்ன ஊர் சார் என்று சமாளித்தான் பிரேம்குமார்.

மலையோரம்தான். ஆனால் அந்த மலை ஜப்பானில் இல்லை. ஹிகாமுரா என்று ஒரு பள்ளியும் கிடையாது, சயோ என்று ஒருத்தியும் கிடையாது. இவன் எப்படியும் திருடுவான் என்று தெரிந்து, போன வாரம் வீடியோவில் நான் சொருகிய கதை. பேர்களை மட்டும்தான் நான் கற்பனை பண்ணினேன். ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லி அந்த பாத்ரூம் கதையை அவனே நம்பிவிட்டான் போல. செய்தவனுக்கு மறந்துபோச்சு. பட்டவளுக்கு மறக்குமா?

அம்மா மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

நான் பாத்ரூமில் விழவே இல்லை என்று தலைதலையாக அடித்துக்கொண்டு சொன்னபோதெல்லாம், “கோச் சாரு பொய் சொல்லுவாராட்டி?” என்று என்னையே வைதவள். காலையில் எனக்குத் தலை சீவிவிட்டுத்தான் கிளம்பி வந்தாள்.

என் வலது தோளைத் தொட்டுப் பார்த்தாள். தொன்னையைக் கீழே வைத்துக் குனிந்தாள். நிமிர்ந்தபோது ஒரு கை முந்தானைக்குள் இருந்தது.

ஒரு காலில் மட்டும் செருப்போடு, விந்தி விந்தி மேடையேறினாள்.

பொன்னாடை போர்த்த வருகிறாள் என்று நினைத்துக்கொண்டான் பிரேம்குமார். வாங்கம்மா, வாங்க என்று மைக்கிலேயே சொல்லி, கையைக் கூப்பி, வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தான்.