வலையில் பட்டது

"இறங்காத தம்பி! வாலால ஒருக்கா அடிச்சுதெண்டா படகும் இல்லை, நாங்களும் இல்லை!"

அபூதாஹிர் வினோதனின் தோளைப் பிடித்து இழுத்தார். ஒரு காலைப் படகின் விளிம்பில் தூக்கி வைத்தபடி வினோதன் அப்படியே நின்றான்.

அவர்களுக்கு முன்னால், கரும்பாறை ஒன்று மிதப்பதுபோலத் திமிங்கிலம் கிடந்தது. படகைப்போல இரண்டு மடங்கு நீளம். அவர்களுடைய நீல வலை அதன் முதுகின் மேலாக விழுந்து, மறுபக்கத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

முதல்நாள் பின்னேரம் விரித்த வலை. படகு கிண்ணியாக்காரர் அபூதாஹிருடையது. வலை அவரும் இலங்கைத்துறைக்காரன் வினோதனும் சேர்ந்து புதிதாக வாங்கியது. விடிந்ததும் இழுக்க வந்தவர்கள் கண்டது இதைத்தான். கோணேசர் மலை தூரத்தில் மங்கலாகத் தெரிந்தது. சுற்றிவரக் கடலில் வேறு படகே இல்லை.

"கரைக்குப் போன் எடுத்துச் சொல்லியாச்சுத்தானே. ஆக்கள் வருவாங்கள். பொறு."

"அவங்கள் வாறதுக்கிடையில இது செத்துப்போகும் நானா. மூச்சு விடுறதைப் பாருங்கோ." மூத்தவரான அபூதாஹிரை அண்ணன் என்ற பொருளில் 'நானா' என்றுதான் வினோதன் கூப்பிடுவான்.

திமிங்கிலம் மெல்ல அமிழ்ந்தது. கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் எழுந்து, மறுபக்கமாகச் சரிந்து, பெருமூச்சாக நீரை ஊதியது. சூடான ஈரம் இருவர் முகத்திலும் அடித்தது.

"எவ்வளவு களைச்சுப்போய்க் கிடக்குது பாத்தீங்களா?"

"களைச்சாலும் அது அதுதான். நீ கடலட்டை பிடிக்க அடியில சுழியோடினனீ, தண்ணிக்குப் பயமில்லை. சரி. ஆனா இது கடலட்டை இல்லையடா."

"நானா, அதுவா வந்து மாட்டேல்லை. அது போற வழியில நாங்கள்தான் வலையை விரிச்சனாங்கள்."

அபூதாஹிருக்கு எத்தனையோ வருடக் கடல் அனுபவம். வலையில் செத்துக் கிடந்த ஆமைகளையும் டொல்பின்களையும் கழற்றித் தண்ணீரில் எறிந்திருக்கிறார். எறிந்துவிட்டு அடுத்த கயிற்றை இழுத்திருக்கிறார். ஒன்றாவது உயிரோடு தன் முன்னால் இப்படிக் காத்துக் கிடந்ததாக அவருக்கு நினைவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. படகின் அடியில் யாரோ விரலை மடக்கித் தட்டுவதுபோல. டக்... டக்... டக்.

"எஞ்சினா?"

"எஞ்சினை எப்பவோ நிப்பாட்டிட்டம் நானா. அது போடுற சத்தம்தான் தண்ணிக்குள்ளால வந்து தட்டுது."

அபூதாஹிர் குனிந்து படகின் தளத்தில் கையை வைத்தார். அந்தத் தட்டல் உள்ளங்கையில் ஏறி முழங்கை வரை வந்தது.

"வலை போச்செண்டா இந்தப் பருவம் முழுக்க ரெண்டு பேரும் வீட்டிலதான்," என்றார்.

"ஓம், தெரியும்."

அவர் தன் இடுப்புக் கத்தியை உருவி வினோதனிடம் கொடுத்தார். வினோதனின் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார்.

"அங்க வெட்டவோ இங்க வெட்டவோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிக்காத. கண்ட இடத்தில வெட்டு. ஒரு துண்டு வலை எனக்குத் திரும்ப வேணாம். அல்லாஹ்ட பேரால உனக்கும் சேத்து பிஸ்மி சொல்லுறன், இறங்கு."

வினோதன் சத்தமில்லாமல் நழுவி இறங்கினான். அந்த உடம்புக்குப் பக்கத்தில் அவன் ஒரு சிறு பூச்சிபோலத் தெரிந்தான். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மேலே வந்தான்.

"நானா, என்னைப் பாக்குது!"

"ஆர்?"

"அதுதான். நான் போற பக்கமெல்லாம் கண் திரும்புது. அந்தத் தட்டல் என்ர நெஞ்சுக்குள்ள கேக்குது நானா!"

"பயமா இருக்கோ?"

"இல்லை," என்றவன், "என்னெண்டு சொல்லத் தெரியேல்லை," என்றான்.

அவன் திரும்ப மூழ்கினான். திடீரெனப் பெரிய வால் தண்ணீரை விட்டு எழுந்தது. படகின் மேல் அதன் நிழல் விழுந்தது. அபூதாஹிர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, தூங்கும் பிள்ளைக்குப் பக்கத்தில் கையை வைப்பதுபோல, அந்த வால் அலைகூட எழும்பாமல் மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"யா அல்லாஹ்," என்றார் அவர்.

முதுகில் கிடந்த வலை அறுந்து விலகியது. அபூதாஹிர் எழுந்து நின்று கத்தினார்: "போ! இனி என்ன, போ!"

அது போகவில்லை. இருந்த இடத்திலேயே கிடந்தது.

"என்னடா இது? ஏன் போகுதில்லை?"

மேலே வந்த வினோதனும் விளங்காமல் பார்த்தான். "அடியில இன்னும் கயிறு இறுகிக் கிடக்குது நானா. வயித்துக்குக் கீழால போய்ப் பாக்கிறன்."

"கீழால வேணாம்! நசிச்சுப்போடும்!"

அவன் போய்விட்டான். கையில் சுற்றியிருந்த கயிறு விறுவிறென்று ஓடி இறுகியது. அபூதாஹிர் தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருமுறை மேலே வந்தவன் வாய் நிறையக் காற்றை இழுத்துக்கொண்டு, அவசரமாகத் திரும்ப மூழ்கினான்.

கடைசியில் அவன் படகின் விளிம்பைப் பிடித்தபோது கையில் கத்தி இல்லை. கண்களால் நீர் ஓடியது.

"வெட்டிட்டியா? அதில மாட்டினதெல்லாத்தையும் வெட்டிட்டியா?"

"அதில ஒண்டுமே மாட்டியிருக்கேல்லை நானா. வலை சும்மா மேலால கிடந்தது. அது எப்ப நினைச்சாலும் போயிருக்கலாம்."

"பிறகேன் போகாமக் கிடந்தது?"

வினோதன் கையை நீட்டினான். அந்தப் பெரிய உடம்பின் மறுபக்கத்திலிருந்து, தோலெங்கும் கயிறு அறுத்த தடங்களோடு ஒரு குட்டி வெளியே நீந்தி வந்து, தாய் தாங்கிப் பிடிக்காமல் தானாகவே மேலெழுந்து மூச்சு விட்டது.