நின்றுபோன கார்

சிந்துவின் கார் மறுபடியும் வழியில் நின்றுவிட்டதாம். அஷ்வின் தன் புதுப் பிக்கப் வண்டியின் சாவியை எடுத்தான்.

"இந்த மாசம் நாலாவது தடவை. இழுத்துட்டுப் போக பெங்களூருல வேற டோயிங் வண்டியே இல்லையா?" என்றாள் அவன் மனைவி பிரபா.

"கூட வேலை செய்யற பொண்ணு, பாவம்."

அந்தப் 'பாவம்' கேட்டதும் பிரபா செருப்பை மாட்டினாள். அவளும் வண்டியில் ஏறிக்கொண்டாள்.

வைட்ஃபீல்டில் நின்றிருந்த சிந்துவின் காருக்கு அஷ்வின் கயிறு கட்டக் குனிந்தபோது, பிரபா சிந்துவிடமிருந்து சாவியைப் பிடுங்கி காரை ஸ்டார்ட் செய்தாள். உடனே ஓடியது.

"கார் நல்லாத்தானே இருக்கு! என் புருஷன்கிட்ட உனக்கென்ன வேலை?"

சிந்து கைகூப்பினாள். "அக்கா, அவர்தான் கெஞ்சினார். இவ்ளோ பெரிய வண்டி எதுக்குன்னு தினமும் திட்டுறீங்களாம். எதையாவது இழுத்துக் காட்டணுமாம். என் ஞாயித்துக்கிழமையெல்லாம் இதுலயே போகுது!"