கடைசியில் நின்றவர்

"நான் இன்னும் வேலையிலதான் கீறேனாம் சார்! கம்பெனிக்கே பூட்டுப் போட்டாச்சி. நான் எங்க போய் வேலை செஞ்சிக்கினு கீறேன்?"

கவுன்ட்டர் ஜன்னலிலிருந்து திரும்பிய தாட்சாயணி, பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகைக்காக, நகரியிலிருந்து திருப்பதி அலுவலகத்துக்கு வாராவாரம் பஸ் ஏறி வருகிறாள். வந்த நாளெல்லாம் ஏதாவது ஒரு குறை. ஆதாரோடு பேங்க் சேரவில்லை என்றார்கள், சேர்த்துக்கொண்டு வந்தாள். போன் நம்பர் பழசு என்றார்கள், மாற்றிக்கொண்டு வந்தாள். இப்போது மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அவள் வேலையிலிருந்து நின்ற தேதியைக் கம்பெனி கம்ப்யூட்டரில் ஏற்றவே இல்லை. அது இல்லாதவரை, சர்க்கார் கணக்கில் அவள் இன்னும் ஷூ தைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"மேல ஆபீசருக்கு இன்னொரு மனு எழுதிடலாம் தாட்சாயணிம்மா" என்றார் பக்கத்தில் இருந்த ஸ்டான்லி. அதே ஷூ கம்பெனியில் சம்பளம், லீவு, பி.எஃப். எல்லாம் பார்த்தவர். அந்தத் தேதியை ஏற்ற வேண்டியவரும் அவர்தான்.

"மனுவைக் கொண்டுபோய் கொளுத்து!" பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து இந்திராணி சீறினாள். அவளும் அங்கே தைத்தவள்தான். "அன்னிக்கே எங்க தேதியப் போட்டிருந்தா இந்தக் கதி வருமா? தும்பை வுட்டுட்டு வாலைப் புடிக்கச் சொல்றியே!"

ஸ்டான்லியின் தலை குனிந்தது. "போடத்தான்க்கா உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல மொதலாளி பாஸ்வேர்டை மாத்திட்டாரு. அப்புறம் உள்ளயே போக முடியல. இப்ப அவரு போனையும் எடுக்கறதில்ல."

"அவரை ஏன்க்கா வையற?" தாட்சாயணி குறுக்கே வந்தாள். "நமக்கு ஆன கதிதானே அவருக்கும்? சித்தூர்லருந்து வாராவாரம் நம்மகூடவே வந்து குந்திக்கினு கீறாரு. நமக்குத் தெலுங்குல எழுத வராதுன்னு அத்தினி மனுவும் அவருதானே எழுதினாரு? ஜெராக்ஸுக்குக்கூட நம்மகிட்ட காசு வாங்கல."

இந்திராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தாட்சாயணியின் குரல் இறங்கியது. "எம் பொண்ணு பிரித்திகாவுக்கு அடுத்த வாரம் பன்னெண்டாவது இன்டர் பரீட்சை சார். ஃபீஸ் கட்டினாத்தான் ஹால் டிக்கெட்டாம். கடன் கேக்காத வூடு இல்ல. நேத்து அவளே சொல்றா, 'வுடும்மா, நான் துணிக்கடை வேலைக்குப் போறேன்'னு. அழுதிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். சிரிச்சிக்கினே சொல்றா சார்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். வேலை போன அன்றுகூட அவள் இப்படி உடைந்ததில்லை.

"அவ படிப்பு நிக்கக் கூடாதும்மா" என்ற ஸ்டான்லி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் தாட்சாயணிக்கு மனம் இளகிப்போயிற்று. தன் கவலையை ஓரம் தள்ளிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தாள். "காலையிலருந்து டீத்தண்ணியோட குந்திக்கினு கீறீங்க. புளிச்சோறுதான். துன்னுங்க சார்."

"வேணாம்மா. உங்களுக்கு…"

"எனக்குப் பாதி, உங்களுக்குப் பாதி. ஒரே கம்பெனிச் சோறு துன்னவங்கதானே!"

மறுக்க முடியவில்லை. ஒரு கவளம் வாயில் வைத்தார். அதைத் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ளினார்.

சாப்பாட்டு நேரம் முடிந்து ஜன்னல் திறந்தது. பியூன் எட்டிப்பார்த்து, நல்ல சேதி போலச் சொன்னான்: "இந்த சீட்டுல முன்ன இருந்த மேடம் லீவு முடிஞ்சி வந்துட்டாங்கம்மா. அவங்க நல்லவங்க. கேட்டா வழி சொல்வாங்க."

பெஞ்சு முழுவதும் சலசலத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். பூசாரியே நல்லவராம் என்றால் ஆசை வராதா? தாட்சாயணி புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

ஸ்டான்லியும் எழுந்தார். பையைத் தோளில் மாட்டினார். "நீங்க பாருங்கம்மா. எனக்கு சித்தூர் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"நல்லாக்கீதே! நல்ல மேடம் வந்த அன்னிக்குத்தான் பஸ்ஸு ஞாபகம் வருதா?" தாட்சாயணி வழியை மறித்தாள். "எப்பவும் எங்களையே முன்னால அனுப்பிட்டு நீங்க கடைசில நிக்கறீங்க. உங்க முறை வர்றதுக்குள்ள ஜன்னலைச் சாத்திடறாங்க. உங்களுக்குன்னு யாரு சார் கேக்கறது? இன்னிக்கு மொதல்ல நீங்கதான்."

"வேணாம்மா… சொன்னாக் கேளுங்க…"

அவள் கேட்கவில்லை. அவருடைய பையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். இந்திராணிகூட மனசு மாறி, "போகட்டும் வுடுங்கடி, பாவம்" என்று வரிசையில் இருந்தவர்களை விலக்கிவிட்டாள்.

ஜன்னலுக்கு முன்னால் அவரை நிறுத்திவிட்டு, தாட்சாயணி தனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் கைகூப்பிக் கெஞ்சினாள். "மேடம், முதலில் எங்க சாருக்குப் பாருங்க. அவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டாமா? எங்களுக்கு அப்புறம் பார்த்தால் போதும்."

மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தார். ஸ்டான்லியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து தமிழுக்கு மாறினார்.

"என்ன ஸ்டான்லி காரு, மறுபடியும் வந்திருக்கீங்க? நான் லீவுல போறதுக்கு முன்னாடியே உங்களுக்குப் பணம் வந்துடுச்சே! உங்க கம்பெனியில தேதி ஏத்தியிருந்தது உங்க ஒருத்தருக்கு மட்டும்தானே?"