தலைக்கு மேல் இரண்டு மீட்டர்

2012இல் என் மகள் ஹம்ஸினியின் வகுப்பு செய்த ராக்கெட், போட்டியில் வானத்தையே பொத்துக்கொண்டு போய்க் காணாமல் போனது. ஐந்து மணிக்குள் மீட்டுக் காட்டாவிட்டால் பரிசு இல்லை. அதன் கேமரா மட்டும் நேரடிப் படம் அனுப்பிக்கொண்டே இருந்தது. படத்தில் ஏ.எஸ்.ராவ் நகரில் உள்ள எங்கள் மொட்டை மாடி தெரியவே, ஹம்ஸினி லேப்டாப்போடு வீட்டுக்கு ஓடிவந்தாள்.

மாடியில் நின்று பார்த்தோம். திரையில், விமானங்களுக்கே வழிகாட்டக்கூடிய என் வழுக்கைத் தலை பளபளத்தது. படத்தோடு வந்த உயர எண்களின்படி, ராக்கெட் என் தலைக்கு இரண்டு மீட்டர் மேலே அசையாமல் நின்றது. அண்ணாந்தேன், வெறும் வானம். திரையிலும் நான் அண்ணாந்தேன்.

“மணி நாலே முக்கால். வேடிக்கை பாத்துண்டு நின்னா இறங்கிடுமா? ஒட்டடைக்கம்பை எடுத்துண்டு வாங்கோ,” என்றாள் என் மனைவி சாவித்ரி.

கம்பை உயர்த்தித் தட்டினேன். ஒன்றுமில்லாத இடத்தில் ‘டங்’ என்றது.

“மெல்லகா அப்பா, மெதுவா! லென்ஸ் உடைஞ்சிடும்,” என்றாள் ஹம்ஸினி.